ஈபி-1ஏ கிரீன்கார்டு மனு: "அசாதாரணத் திறமை" என்று என்னைப் பற்றி நானே எப்படி எழுதுவது? (நெல் நோயியல், வரிசைத் தேதி (பி.டி.) 2021)

நெல்வயல் | 6 அக்டோபர் 2025

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருஷமாக இந்தக் குழுவில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்தேன், பிஎச்.டி. அமெரிக்காவில். இப்போது ஆர்கன்சாவில் நெல் குலைநோய் ஆராய்ச்சி. எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். 2021 நவம்பரில் என்.ஐ.டபிள்யூ. (நாட்டுக்கு நன்மை என்று காட்டி, முதலாளி இல்லாமல் நாமே போடும் ஈபி-2 கிரீன்கார்டு மனு) போட்டேன், அப்ரூவ் ஆகிவிட்டது. ஆனால் எந்தத் தேதிக்காரர் முறை வந்தது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில் இந்த மாதம் ஈபி-2 இந்தியா 2013 ஏப்ரல் 1ல் நிற்கிறது. என் முறை எப்போது வரும் என்று கணக்குப் போடுவதையே விட்டுவிட்டேன். மகன் கோவையில் பிறந்தவன், பன்னிரண்டு வயசு. 21 ஆகிவிட்டால் பிள்ளை என்று எங்களோடு சேர்க்க முடியாது, அதற்குள் ஏதாவது நடக்க வேண்டும்.

எங்கள் பேராசிரியர் "ஈபி-1ஏ போடு" என்கிறார். விதியைப் படித்தேன். "துறையின் உச்சிக்கே உயர்ந்த மிகச் சிலரில் ஒருவர்" என்று நிரூபிக்க வேண்டுமாம். என்னிடம் இருப்பது 24 கட்டுரைகள், 710 சைட்டேஷன், 46 பியர் ரிவ்யூ. விருது என்று சொல்ல மாநாட்டுப் பயணப்படி இரண்டு தடவை கிடைத்ததுதான். நேற்று ராத்திரி பையன் தூங்கியபிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து "நான் இந்தத் துறையில்" என்று ஆரம்பித்தேன். அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு வரிகூட நிற்கவில்லை. "தன்னைத்தானே மெச்சிக்கொள்ளுமாம் தவிட்டுக் கொழுக்கட்டை" என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். கை வரமாட்டேன் என்கிறது.

இது என் தகுதிக்கு மீறிய ஆசையா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வைகைக்கரை | 6 அக்டோபர் 2025

வாங்கம்மா. நான் வக்கீல் இல்லை. புரத அமைப்பு ஆராய்ச்சி, 2019ல் ஈபி-1ஏ மூலம் கிரீன்கார்டு வாங்கினவன், அவ்வளவுதான்.

முதலில் நீங்கள் கவனிக்காத ஒரு விஷயம். என்.ஐ.டபிள்யூவில் கிடைத்த 2021 நவம்பர் தேதி உங்களுடையது. ஈபி-1ஏ அப்ரூவ் ஆனால் அதே தேதியை அதற்கும் கொண்டுபோகலாம். புது வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டியதில்லை. இந்த மாதம் ஈபி-1 இந்தியா 2022 பிப்ரவரி 15. அதாவது வரிசை உங்கள் தேதியைத் தாண்டி வந்துவிட்டது. பெட்டிஷன் அப்ரூவ் ஆகி, தேதி பின்னால் போகாமல் இருந்தால், கிரீன்கார்டுக்கான கடைசி விண்ணப்பமான ஐ-485ஐ நேராகவே போடலாம். தேதி பின்னால் போகாது என்று யாராலும் உறுதி தர முடியாது. 2023 ஆகஸ்டில் ஈபி-1 இந்தியா ஒரேயடியாக 2012 ஜனவரி 1க்குப் போனது. அந்த வாரம் இந்தக் குழு இழவு வீடு மாதிரி இருந்தது. ஆகையால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி தகுதி. நோபல் போன்ற ஒரு பெரிய பரிசு இருந்தால் அது ஒன்றே போதும். இல்லாதவர்களுக்குப் பத்து அளவுகோல்கள், அதில் மூன்று காட்டினால் முதல் படி தாண்டியாயிற்று. கலைக் கண்காட்சி, நாடக வசூல் எல்லாம்கூட அந்தப் பத்தில் உண்டு, அதெல்லாம் நமக்கு இல்லை. ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுப்பது மூன்று: மற்றவர் வேலையை மதிப்பிட்டது, ஆய்வுக் கட்டுரைகள், பெரும் முக்கியத்துவம் உள்ள சொந்தப் பங்களிப்பு. முதல் இரண்டும் உங்களிடம் கையில் இருக்கின்றன. சண்டை முழுக்க மூன்றாவதில்தான்.

மூன்று காட்டியதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2010ல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கசாரியன் என்ற கோட்பாட்டு இயற்பியலாளரின் வழக்கு வந்தது. கட்டுரை எழுதியிருக்கிறார் என்றால் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். துறை அதற்கு எப்படி எதிர்வினை காட்டியது என்று அந்தப் படியிலேயே கேட்க விதியில் இடமில்லை என்றது நீதிமன்றம். ஆனாலும் மூன்றில் இரண்டுதான் தேறியது என்று அவர் தோற்றார். அவர் தோற்ற வழக்கை வைத்துத்தான் அந்த வருஷக் கடைசியிலிருந்து இரண்டு படிகளாகப் பார்க்கிறார்கள். முதலில் எண்ணுவது. அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, இவர் உண்மையிலேயே மேலே இருப்பவரா என்று எடைபோடுவது. பலருடைய மனு இரண்டாவது படியில்தான் விழுகிறது.

710 அதிகமா குறைவா என்று எல்லோரையும் கேட்காதீர்கள். புற்றுநோய் உயிரியலில் 710க்கு ஒரு அர்த்தம், தாவர நோயியலில் வேறு அர்த்தம். உங்கள் துறையில், அதே வருஷம் வந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டு, எந்தக் கட்டுரை எத்தனையாவது விழுக்காட்டில் இருக்கிறது என்று கிளாரிவேட் நிறுவனத்தின் சைட்டேஷன் அட்டவணையில் பாருங்கள். மொத்த எண்ணிக்கையைவிட அது ஒரு வரி அதிகம் பேசும்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் வேலையை யார் பயன்படுத்தினார்கள்?

நெல்வயல் | 7 அக்டோபர் 2025

தேதி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது அண்ணா. ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் புல்லட்டினைத் திறந்து மூன்று தடவை பார்த்தார்.

யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்டீர்கள். வயலிலேயே வைத்துக் குலைநோயைக் கண்டுபிடிக்க ப்ரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துணுக்குகளை வைத்துப் பூஞ்சையின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் ஒரு லேம்ப் சோதனை உருவாக்கினேன். இலையைக் கசக்கி, சாற்றைக் குழாயில் விட்டு, 65 டிகிரி தண்ணீரில் முக்கால் மணி நேரம் வைத்தால் போதும். பூஞ்சை இருந்தால் ரோஜா நிறம் மஞ்சளாகும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். 2020ல் வெளிவந்த அந்தக் கட்டுரைக்குத்தான் சைட்டேஷன் அதிகம். ஆனால் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? படித்துவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள், அவ்வளவுதானே?

வைகைக்கரை | 7 அக்டோபர் 2025

உங்கள் மெயில் பெட்டியில் "ப்ரைமர்" என்று போட்டுத் தேடுங்கள்.

திருச்சிக்காரன் | 7 அக்டோபர் 2025

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் டேட்டா சயின்ஸ், ஈபி-2 பி.டி. 2015. வாட்ஸப்பில் ஒரு ஏஜென்சி பேசினார்கள். எல்லாம் ஒரே பேக்கேஜ்: ஒரு சர்வதேச விருது, ஒரு சங்க உறுப்பினர் பதவி, ஒரு செய்தித் தளத்தில் என்னைப் பற்றிக் கட்டுரை, ஒரு ஹேக்கத்தானில் நடுவர். ஆறு மாதத்தில் "ப்ரொஃபைல் ரெடி" என்கிறார்கள். ஆபீஸில் இரண்டு பேர் அப்படித்தான் செய்தார்கள், அப்ரூவும் ஆகிவிட்டது. இது தப்பா? எல்லோரும் செய்கிறார்களே. பத்து வருஷம் காத்திருந்தவன் கேட்கிறேன்.

புன்னைமரம் | 8 அக்டோபர் 2025

தம்பி, உன் பத்து வருஷம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் செய்யாதே.

தெரிந்தே பொய்ச் சான்று கொடுத்தால் சட்டத்தில் அதற்குப் பெயர் மோசடி. வாழ்நாள் முழுக்க இந்த நாட்டுக்குள் வர முடியாதபடி தடை விழலாம். அப்ரூவ் ஆன பெட்டிஷனை, அதாவது ஐ-140ஐ, பிறகு ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உன் ஆபீஸ் நண்பர்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகாமல் போகலாம், ஆகட்டும். ஆனால் அந்தக் காகிதம் அவர்கள் குடியுரிமை மனு போடும் நாள் வரைக்கும் ஃபைலில் இருக்கும்.

இன்னொன்று. பணம் கட்டி வாங்கின விருது பத்துப் பெட்டிஷனில் வந்தால், பதினோராவது பெட்டிஷனில் உண்மையான விருதோடு வருகிறவரையும் அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் ஒழுங்காக உழைத்துச் சேர்த்த காகிதத்தின் மதிப்பை அந்த ஏஜென்சி விற்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம்.

சங்க உறுப்பினர் என்றால், மேதைகள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சங்கமாக இருக்க வேண்டும். ஐ.இ.இ.இ. என்ற மின்பொறியாளர் சங்கத்தில் ஃபெலோ என்றால் அது பேசும். சந்தா கட்டினால் சேரலாம் என்கிற இடத்தில் கிடைத்த சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

உன்னிடம் பத்து வருஷ வேலை இருக்கிறது. நீ எழுதின மாடல் கம்பெனியில் எங்கே ஓடுகிறது, அது போனால் என்ன நின்றுபோகும் என்று உன் மேலதிகாரியால் ஒரு கடிதம் எழுத முடியுமா? சம்பளம் உன் தொழிலில், உன் ஊரில் மேல்தட்டில் இருக்கிறதா? முக்கியப் பொறுப்பு, உயர்ந்த சம்பளம் இரண்டும் அந்தப் பத்தில் உள்ளவைதான். அங்கே தேடு.

திருச்சிக்காரன் | 8 அக்டோபர் 2025

சரி அண்ணா. அட்வான்ஸ் இன்னும் கட்டவில்லை. கட்டமாட்டேன்.

நெல்வயல் | 9 அக்டோபர் 2025

வைகைக்கரை அண்ணா, தேடினேன். பதினேழு மெயில்.

நம்பவே முடியவில்லை. ஒன்றும் பெரிதாக இல்லாத மெயில்கள்தான். "உங்கள் ப்ரைமர் வரிசையில் மூன்றாவதில் எழுத்துப்பிழை உள்ளதா?" என்று பிரேசிலிலிருந்து ஒருவர். "எங்களிடம் ஃபீனால் ரெட் இல்லை, வேறு சாயம் போடலாமா?" என்று வங்கதேசத்திலிருந்து ஒரு மாணவி. இன்னொரு மாநிலத்தில் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் விரிவாக்கப் பணி ஆய்வகத்திலிருந்து ஒருவர் 2022 ஜூலையில், "இந்த சீசன் முழுக்க உங்கள் முறையில்தான் மாதிரிகளைப் பார்க்கிறோம், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்து முழு நீளத்துக்குக் கேள்வி கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் அன்றைக்கே பதில் போட்டிருக்கிறேன், போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். ஃபீனால் ரெட் கேட்ட பெண்ணோடு மட்டும் எட்டு மெயில் போயிருக்கிறது. கடைசி மெயிலில் மஞ்சளாக மாறின குழாய்களை வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் தன் கைவிரலும் தெரிய ஒரு படம் அனுப்பியிருக்கிறாள்.

உதவி என்று நினைத்துச் செய்தேனே ஒழிய, அது என் வேலைக்குச் சான்று என்று தோன்றவே இல்லை.

வைகைக்கரை | 9 அக்டோபர் 2025

அந்தப் படம்தான் உங்கள் பெட்டிஷன்.

மெயில்களை அப்படியே வைக்க வேண்டாம். அவர்களிடம் அனுமதி கேளுங்கள். முக்கியமாக அந்த விரிவாக்க ஆய்வகத்துக்காரர். எத்தனை மாதிரி பார்த்தார்கள், முன்பு எந்த முறை, எத்தனை நாள் ஆகும், இப்போது எவ்வளவு, அந்த முடிவை வைத்து விவசாயிக்கு என்ன சொன்னார்கள். இதை அவர் தன் கையெழுத்தோடு இரண்டு பக்கத்தில் எழுதித் தந்தால் போதும். கட்டுரைகளில் உங்களை மேற்கோள் காட்டினவர்களையும் பிரியுங்கள். முன்னுரையில் பத்தோடு பதினொன்றாகப் பெயர் சொன்னவர்கள் ஒரு பக்கம், செய்முறைப் பகுதியில் "இவர் முறையைப் பின்பற்றினோம்" என்று எழுதினவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது குவியலை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு வையுங்கள். அதிகாரி தாவர நோயியல் படித்தவர் இல்லை. நாளைக்குப் பத்து ஃபைல் பார்க்கிறவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவது நம் வேலை.

புன்னைமரம் | 10 அக்டோபர் 2025

கடிதம் பற்றி ஒரு அனுபவம். முதல் தடவை போட்டபோது என் பெட்டிஷன் டினை, அதாவது நிராகரிப்பு, ஆனது. தப்பு என்னுடையது. ஏழு கடிதம், ஏழும் என்னோடு சேர்ந்து கட்டுரை எழுதினவர்கள். அப்போதிருந்த வக்கீல் ஒரே மாதிரித்தாளில் எழுதிக்கொடுத்ததில் கையெழுத்து மட்டும் வாங்கினேன். "ஒளிவீசும் அறிவாளி", "ஈடு இணையற்றவர்" என்று ஏழு பேரும் அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தார்கள். இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது தடவை, நான் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒரு ஜெர்மானியருக்கு எழுதினேன். என் குறைவெப்ப அளவீட்டு முறையை அவர் ஆய்வகம் எடுத்திருந்தது எனக்குத் தெரியும். ஒன்றரைப் பக்கம் எழுதினார், ஒரு அடைமொழி இல்லை. எங்கள் கருவியில் ஒரு மாதிரிக்கு இரண்டு நாள் ஆனது, இவர் முறைக்கு மாறினபிறகு ஒரு நாள், எந்த வருஷம் மாறினோம், அதை வைத்து எந்தக் கட்டுரைகள் வந்தன. அவ்வளவுதான். அந்தத் தடவை அப்ரூவ் ஆனது.

ஒருமுறை டினை ஆனால் மறுபடி போடக்கூடாது என்று எங்கும் இல்லை. உங்கள் என்.ஐ.டபிள்யூ அப்ரூவலையும் அது தொடாது.

நல்லூர் | 11 அக்டோபர் 2025

நெல்வயல் தங்கச்சி, உங்கட முதல் பதிவை வாசிச்சுப்போட்டு எழுதாமல் இருக்க ஏலேல்லை. நானும் அப்பிடித்தான் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தனான். பிறகு பள்ளிக்கூடத்தில படிச்ச இலக்கணம் ஞாபகம் வந்தது. எங்கட பழைய இலக்கணகாரரே தற்புகழ்ச்சி பிழை எண்டு சொல்லிப்போட்டு, நாலு இடத்தில மட்டும் படிச்சவைக்கு அது தகும் எண்டு விட்டு வச்சிருக்கினம். அரசன்ர சபைக்கு ஓலை எழுதேக்க. தன்ர ஆற்றல் தெரியாத ஆக்களுக்கு நடுவில. சபையில வெல்லவேண்டி வரேக்க. எதிராளி தன்னைப் பழிக்கேக்க. வடிவா யோசிச்சுப் பாருங்கோ, ஐ-140 எண்டது இதில முதல் மூண்டும் சேர்ந்தது. ஆர்.எஃப்.இ. (இன்னும் சான்று தா எண்டு கேக்கிற கடிதம்) வந்தால் நாலாவதும் வந்திடும். அதுக்குப் பிறகு எனக்குக் கை கூசேல்லை.

மற்றது, இதை ஆரும் சொல்லேல்லை. வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது, குடியுரிமையைப் பொறுத்ததில்லை. நான் யாழ்ப்பாணத்தில பிறந்தனான், என்ர மனுசன் திருநெல்வேலி. பெட்டிஷன் அவற்ற பெயரில, அவர் வேதியியல். இந்தியாவில பிறந்தபடியால் அவருக்கு வருசக்கணக்கில வரிசை. ஆனால் மனுசி பிறந்த நாட்டின்ர கணக்கில போடலாம் எண்டு சட்டத்தில இடமிருக்கு. இலங்கைக்கு ஈபி-1ல வரிசையே இல்லை. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் ஐ-485 போடவேணும். எங்களுக்கு இது தெரிய வந்தது மூண்டு வருசம் காத்திருந்தாப் பிறகு. சிங்கப்பூர், மலேசியாவில பிறந்த தமிழ் ஆக்களைக் கலியாணம் செய்தவையும் பாருங்கோ. பிள்ளை பிறந்த நாட்டை வச்சுத் தாய் தகப்பன் போட ஏலாது, மாறித்தான் ஏலும்.

மண்பானை | 12 அக்டோபர் 2025

ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வந்த போஸ்ட்டாக் நான். இரண்டு வருஷம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று என் விசாப் படிவம் டிஎஸ்-2019ல் குறி இருக்கிறது. ஈபி-1ஏ அப்ரூவ் ஆனால் அந்த விதி போய்விடுமா?

வைகைக்கரை | 12 அக்டோபர் 2025

போகாது தம்பி. ஐ-140 போடலாம், அப்ரூவும் ஆகலாம். ஆனால் வேவர் (விலக்கு) வாங்காமல், அல்லது இரண்டு வருஷம் ஊரில் இருந்துவிட்டு வராமல், ஐ-485 போட முடியாது. எச்-1பிக்கும் மாற முடியாது. இந்திய அரசின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்துக்கு இப்போதே ஆரம்பி. அதில் மாநில அரசு, மத்திய அரசு, பாஸ்போர்ட் ஆபீஸ் என்று பல கை மாறவேண்டும். ஊரில் ஒருவர் நேரில் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் நகரும். எனக்கு என் மாமனார் அலைந்தார்.

கொங்குநாடன் | 14 அக்டோபர் 2025

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். எட்டு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு 2018ல் கோவைக்குத் திரும்பினேன். ஈபி-1ஏ ஃபைல் பாதி தயாராக இருந்தது, அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு கட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ரிவ்யூ செய்யச் சொல்லி மெயில் வந்தால், இந்தக் கட்டுரை எனக்குப் பிடிக்குமா என்று யோசிப்பதை விட்டுவிட்டு, இது எத்தனையாவது ரிவ்யூ என்று எண்ண ஆரம்பித்திருந்தேன். அடுத்து என்ன ஆராய்வது என்ற கேள்விக்கும் "சைட்டேஷன் வருமா" என்பதே முதல் பதிலாக வந்தது. ஐந்து வருஷம் ஆகக்கூடிய ஒரு மண் நுண்ணுயிர்ச் சோதனையை அந்தக் காரணத்துக்காகவே தள்ளிவைத்தேன். அதை இங்கே வந்துதான் செய்தேன்.

யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் போன மாதம் 19ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு உத்தரவு வந்தது பார்த்தீர்களா? வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர். இன்னொன்றில், பத்து லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தால் அதையே அசாதாரணத் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. இருபது வருஷம் வயலில் நின்ற ஒருத்தியின் வேலையையும் ஒரு காசோலையையும் ஒரே தராசில் வைத்தபிறகு, அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை மிச்சம்? எனக்கு வேதனையாக இருந்தது. திரும்பி வருவதும் ஒரு வழி, தோல்வி இல்லை. அதை யாராவது இங்கே எழுத வேண்டும் என்று எழுதுகிறேன்.

புன்னைமரம் | 14 அக்டோபர் 2025

நீங்கள் எழுதியது நல்லது ஐயா. ரிவ்யூவை எண்ணுகிற அந்த நோய் எனக்கும் வந்தது.

ஆனால் வாசல் எப்போதும் அவர்கள் இஷ்டம்தான். வானியற்பியலாளர் சந்திரசேகர் 1937லேயே யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அப்போது இந்தியர் யாரும் அமெரிக்கக் குடிமகனாகவே ஆக முடியாது. 1946ல் சட்டம் மாறியது, ஆனால் இந்தியாவிலிருந்து குடியேற வருஷத்துக்கு நூறு பேருக்குத்தான் இடம். அவர் குடியுரிமை வாங்கினது 1953ல். அதற்காக அந்தப் பதினாறு வருஷம் அவர் கணக்குப் போடாமல் இருந்தாரா? வாசலில் எழுதியிருக்கும் சொல் எப்படி மாறினாலும் உள்ளே நடக்கும் வேலை நம்முடையது. நெல்வயல் போடட்டும். அவருக்கு ஒரு பையன் இருக்கிறான்.

நெல்வயல் | 15 அக்டோபர் 2025

கொங்குநாடன் ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். திரும்பிப் போவதைப் பற்றி நாங்களும் பேசாத மாதம் இல்லை. பையன் நாலு வயசிலிருந்து இங்கே இருக்கிறான், தமிழ் பேசுவான், எழுத வராது. இப்போது எட்டாம் வகுப்பில் கொண்டுபோய் அங்கே சேர்ப்பதும் ஒரு அநியாயமாகப் படுகிறது. உங்கள் மண் நுண்ணுயிர் வேலையைப் பற்றி ஒருநாள் தனி இழையாக எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன்.

நல்லூர் அக்கா சொன்ன நாலு இடத்தையும் தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

நெல்வயல் | 17 நவம்பர் 2025

இன்று அனுப்பிவிட்டேன். ஐ-140க்கு 715 டாலர், சொந்தமாகப் போடுகிறவர்களுக்கான புகலிடத் திட்டக் கட்டணம் 300, சீக்கிரம் பார்த்து முடிவு சொல்லும் ப்ரீமியத்துக்கு 2,805. மூன்றுக்கும் தனித்தனிப் படிவமா என்று கேட்டு வக்கீலைப் படுத்தி எடுத்தேன்.

ஆறு கடிதம். அதில் நாலு பேரை நான் பார்த்ததே இல்லை. வங்கதேச மாணவி இப்போது மாணவி இல்லை, ஒரு ஆய்வு நிலையத்தில் விஞ்ஞானி. அவளுடைய மேலதிகாரி எழுதிக் கொடுத்தார், அவள் அந்தப் படத்தை நல்ல தரத்தில் மறுபடி அனுப்பினாள். செய்முறைப் பகுதியில் என் முறையைப் பின்பற்றியதாகச் சொன்ன கட்டுரைகள் முப்பத்தெட்டு கிடைத்தன. முப்பத்தெட்டையும் அச்சடித்துத் தரையில் பரப்பினோம், வீட்டுக்காரர் கோடிட்டார், பையன் ஸ்டிக்கர் ஒட்டினான். மூன்றாவது மார்க்கர் தீர்ந்தபோது மணி இரண்டு.

விரிவாக்க ஆய்வகத்தின் கடிதம் மட்டும் வரவில்லை. அவர்கள் சட்டப் பிரிவு பார்க்கவேண்டுமாம். காத்திருக்காமல் போட்டுவிட்டேன்.

நெல்வயல் | 10 டிசம்பர் 2025

ஆர்.எஃப்.இ. வந்துவிட்டது.

மதிப்பீடு, கட்டுரைகள் இரண்டையும் ஒப்புக்கொண்டார்கள். பங்களிப்பு அசல்தான், ஆனால் துறை முழுமைக்கும் "பெரும் முக்கியத்துவம்" என்பதற்கு இது போதாது, பல ஆய்வகங்கள் ஒரு முறையைப் பயன்படுத்துவது ஆராய்ச்சியில் வழக்கம்தான் என்று எழுதியிருக்கிறது. படித்ததும் கால் வெலவெலத்துப்போய் லேபில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

வைகைக்கரை | 10 டிசம்பர் 2025

மூச்சு விடுங்கள். மூன்றில் இரண்டு கொடுத்துவிட்டார்கள், கேட்பது ஒன்றே ஒன்று. 84 நாள் அவகாசம், தபாலுக்கு இன்னும் மூன்று. பதில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ப்ரீமியத்தின் 15 வேலை நாள் புதிதாக ஓடும். ஒரே ஒரு தடவைதான் பதில் அனுப்பலாம், ஆகையால் பகுதி பகுதியாக அனுப்பாதீர்கள்.

அவர்கள் கேள்வி நியாயமானதுதான். முறையைப் பயன்படுத்தினார்கள் என்று காட்டினீர்கள். பயன்படுத்தியதால் எது மாறியது என்று காட்டவில்லை. அதைச் சொல்லக்கூடியவர் அந்த விரிவாக்க ஆய்வகத்துக்காரர்தான். அவர் கடிதம் இல்லாமல் பதில் அனுப்பாதீர்கள். வேண்டுமானால் போனில் கூப்பிடுங்கள்.

நல்லூர் | 11 டிசம்பர் 2025

இது நாலாவது இடம், தங்கச்சி. கூசாமல் எழுதுங்கோ.

நெல்வயல் | 16 ஜனவரி 2026

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

கடிதம் வந்தது. போனில் கூப்பிட்டேன், முக்கால் மணி நேரம் பேசினார். அவர் சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, பூஞ்சையை வளர்த்துப் பார்த்துச் சொல்ல ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கதிர் வந்துவிடும், மருந்து அடித்தும் பயன் இருக்காது. அதனால் சந்தேகம் வந்தாலே அடித்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். 2022லிருந்து அன்றைக்கே பார்த்துச் சொல்கிறார்கள். இல்லை என்று தெரிந்த வயல்களில் மருந்தே அடிக்கவில்லை. இப்போது அவர்கள் மாநிலத்தின் விவசாயிகளுக்கான கையேட்டிலேயே இந்தச் சோதனையைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினார். என் பெயர் அதில் இல்லை, கட்டுரையின் பெயர் அடிக்குறிப்பில் இருக்கிறது. அது போதும் என்றார் வக்கீல்.

எல்லாவற்றையும் கட்டி இன்று காலை கூரியரில் போட்டேன். இந்தத் தடவை முதல் பக்கத்தில் "இந்தச் சோதனையை உருவாக்கியவள் நான்" என்று ஆரம்பித்திருக்கிறேன். அந்த வரியை அழிக்கவில்லை.

ஒரு கேள்வி. அப்ரூவ் ஆனால் ஐ-485க்கு மெடிக்கல் எப்போது எடுப்பது? முன்பெல்லாம் பிறகு கேட்டால் கொடுக்கலாம் என்று இங்கே படித்த ஞாபகம்.

வைகைக்கரை | 16 ஜனவரி 2026

அது பழைய கதை. 2024 டிசம்பரிலிருந்து மெடிக்கல் படிவமான ஐ-693ஐ ஐ-485 கூடவே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். டாக்டர் மூடின உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். மூன்று பேருக்கும் தடுப்பூசிச் சான்றுகளை இப்போதே தேடி எடுங்கள். பையனுடைய கோவைத் தடுப்பூசி அட்டை இருக்கிறதா?

நெல்வயல் | 16 ஜனவரி 2026

அம்மா வீட்டில் பீரோவில் இருக்கும். இப்போது அங்கே விடிகிற நேரம், கூப்பிடுகிறேன்.